வண்டி வெடித்தது, என் வாயும் வெடித்தது!

‘டப்... டப்... டபார்!’

ராத்திரி பன்னிரண்டேகால் மணிக்கு எங்கள் தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டால், என் மகன் வேலை முடிந்து வருகிறான் என்று அர்த்தம். அடுத்த நிமிஷமே தூளியில் கிடக்கும் என் பேரன் உடம்பைத் தூக்கிப் போட்டு, இரண்டு கைகளையும் விரித்து, ‘வீல்’ என்று அலறுவான். அவனைத் தொடர்ந்து தெரு நாய்கள். நாய்களைத் தொடர்ந்து எதிர் வீட்டுப் பாட்டியின் இருமல். அப்புறம் நான்!

பச்சை உடம்புக்காரி என் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பகலெல்லாம் தூங்கி ராத்திரியில் விழித்திருக்கும் குழந்தையை, ஒருவழியாகப் பதினொன்றரை மணிக்குத் தூங்க வைத்து அவள் கண் அசருவாள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது, வந்துவிடும் அந்தச் சத்தம். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

நாங்கள் இருப்பது ஓரகடத்துக்குப் பக்கத்தில், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். நான் ஸ்ரீபெரும்புதூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்று மட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமானது. 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. 1955-லிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்த ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஓரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகளைத் திறந்தது. யமஹாவும் வல்லம் வடகாலுக்கு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் பிறக்கிற ஊரே எங்கள் ஊர்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதன் வாயை அடக்கத் தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே!

எங்கள் வீட்டு வண்டி என் வீட்டுக்காரர் பல வருஷம் ஓட்டிய பழைய வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வண்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும். மகனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், “நான் சைக்கிளில் போய்க்கிறேன், நீ வெச்சுக்கோடா” என்று சாவியை அவனிடம் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். உள்ளே எங்கள் ஊருக்கு வர வண்டி இல்லாமல் முடியாது.

ஐப்பசி மாதம் வண்டியை சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்தான். அதிலிருந்துதான் ஆரம்பித்தது. வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறைத்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வளைவில் திரும்பும்போதுதான் பட்டாசு வெடிக்கிற மாதிரி ‘டப் டப்’ என்று வெடிக்கும். எங்கள் வீடு தெருமுனையிலிருந்து மூன்றாவது. அவன் வேகம் குறைக்கிற இடமும் எங்கள் ஜன்னலும் நேருக்கு நேர்!

வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் சில பையன்கள் சைலன்சரை மாற்றிக்கொண்டு, வேண்டுமென்றே வெடிக்க வைத்து ஓட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரே ஆத்திரம். என் பிள்ளையும் அந்தக் கும்பலோடு சேர்ந்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. தானா வருது” என்றான்.

“தானா எப்படிடா வரும்? உங்கப்பா இத்தனை வருஷம் ஓட்டினாரே, ஒரு நாள் வெடிச்சுதா?”

“மெக்கானிக்கிட்ட கேட்டேன். கார்ப்ரேட்டரையே மாத்தணும்னு சொல்றாரு. சம்பளம் வரட்டும்.”

நான் விட்டேனா? “அக்கா குழந்தை அலறுறது உனக்குக் காதுல விழல. ஊர்ப் பொறுக்கி மாதிரி ஓட்டிக்கிட்டு வர்ற. இந்தச் சத்தத்தோட இனிமே இந்தத் தெருவுக்குள்ள வராதே!” என்று கத்திவிட்டேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகனும் பதில் பேசாமல் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து சத்தமே இல்லை! ராத்திரி கதவு தட்டும் சத்தம் மட்டும்தான். ‘பார்த்தாயா, அதட்டியதும் அடங்கிவிட்டது’ என்று மனசுக்குள் எனக்கு ஒரே பெருமை. நாலைந்து நாள் குழந்தையும் நன்றாகத் தூங்கினான்.

ஒரு நாள் காலையில் மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முழங்கைப் பக்கம் கிழிந்து, ரத்தக் கறை. கேட்டதற்கு, “கம்பெனியில வழுக்கி விழுந்துட்டேன்” என்றான். கால் முட்டியிலும் சிராய்ப்பு. நானும் நம்பி, மஞ்சள் பற்று போடப் போனேன். அவன் வேண்டாம் என்று சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான்.

பால்காரர்தான் போட்டு உடைத்தார். “ஏம்மா, உங்க பையனுக்குப் புத்தி சொல்லுங்க. ஏரிக்கரை மேலயே இன்ஜினை நிறுத்திட்டு, லைட்டும் இல்லாம இருட்டுல இறக்கத்துல உருட்டிக்கிட்டே வர்றான். நேத்து ராத்திரி ஓரமா நின்ன தண்ணி லாரி கண்ணுக்குத் தெரியாம, கடைசி நேரத்துல ஒடிச்சு விழுந்தான். நான்தான் தூக்கி விட்டேன். ஒரு முழம் தள்ளி இருந்தா...”

அதற்கு மேல் எனக்குக் காதில் விழவில்லை. பால் பாத்திரத்தோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வண்டி. இன்ஜின் நின்றால் ஹெட்லைட்டும் நின்றுவிடும். ஏரிக்கரையிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் தெருவிளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. குழந்தை விழிக்கக் கூடாது, அம்மா திட்டக் கூடாது என்பதற்காக என் பிள்ளை அந்த இருட்டில் குருடனைப் போல வந்திருக்கிறான். சத்தத்தை அடக்கிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டேனே, அந்த ஐந்து ராத்திரியும் எமன் அவன் கூடவே வந்திருக்கிறான்!

அன்றைக்கு அடுப்படியில் எந்த வேலையும் ஓடவில்லை. ரசத்தை இறக்கிவிட்டு காஸ் அடுப்பை அணைத்தேன். ‘டப்!’ என்றது.

எங்கள் பழைய அடுப்பு முன்பும் ஒரு தடவை இப்படித்தான் படுத்தியது. எரியும்போது ஒன்றும் இருக்காது. திருகியை மூடும்போது மட்டும் ‘டப்’ என்று வெடிக்கும். அடுப்பு ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, “காற்று அதிகமாப் போவுதும்மா, காஸ் கம்மியாப் போவுது. அதான் அணைக்கிறப்ப தீ உள்ள ஓடி வெடிக்குது” என்று சொல்லி, ஜெட்டைச் சுத்தம் செய்து, காற்றுத் துவாரத்தைக் குறைத்து வைத்தார். சரியாகிவிட்டது. இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது.

சட்டென்று ஒன்று தோன்றியது. அடுப்பும் அணைக்கும்போதுதான் வெடிக்கிறது. வண்டியும் வேகத்தைக் குறைக்கும்போதுதான் வெடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வியாதியாக இருக்குமோ?

சிரிக்காதீர்கள்! ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள்தான் நான். ஆனால் இருபத்தாறு வருஷமாக அடுப்போடு குடித்தனம் செய்கிறேனே!

மகன் எழுந்ததும், “கிளம்புடா, நானும் வர்றேன்” என்று வண்டியில் உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் அவர் பழக்கமாக வண்டி விடும் வயதான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். கடை தூரம் என்று மகன் அங்கே போவதை நிறுத்தியிருந்தான். வழி முழுக்க வேகம் குறைத்த இடத்திலெல்லாம் ‘டப் டப்’. பின்னால் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அவன் கை எதுவும் செய்யவில்லை. ஆக்சிலேட்டரை விட்டாலே போதும், தானாகத்தான் வெடித்தது. அவன் சொன்னது நிஜம்.

பாயிடம் என் அடுப்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கிட்டத்தட்ட அதேதான்மா” என்றார். “ஆக்சிலேட்டரை விட்டதும் உள்ள போற பெட்ரோல் குறைஞ்சிடும். ஆனா சக்கரம் சுத்துற வேகத்துல இன்ஜின் வேகமாச் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல பெட்ரோல் கம்மி, காற்று ஜாஸ்தி. சரியா எரியாது. எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள்ள வந்துடும். அது நெருப்பா சுடுற குழாய். அங்கே வெளிக்காற்றும் நுழைஞ்சுதுன்னா சைலன்சருக்குள்ளயே பத்திக்கிட்டு ‘டப்’புனு வெடிக்கும். அடுப்புல தீ உள்ள ஓடுது. இங்கே மிச்சம் வெளியில வந்து எரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“வெளிக்காற்று எப்படி நுழையும் பாய்? குழாய் மூடித்தானே இருக்கு?”

“மூடி இருந்தா நுழையாது. ஓட்டை இருந்தா நுழையும். உங்க வீட்டுல காஸ் சிலிண்டர்ல லீக் இருந்தா எப்படிப் பார்ப்பீங்க?”

“சோப்புத் தண்ணி போட்டுப் பார்ப்பேன்.”

“வண்டி நல்லா ஆறட்டும். அதையே பண்ணிப் பார்ப்போம்.”

ஒரு மணி நேரம் ஆறவிட்டார். பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை. இன்ஜினிலிருந்து வளைந்து இறங்குகிற பெண்டு பைப் இருக்கிறதே, அது இன்ஜினோடு சேரும் இடத்தில் பிரஷ்ஷால் தடவினார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஈரத்துணியால் சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் லேசாக மறைத்துப் பிடிக்கச் சொன்னார். அப்பா! மூட்டில் ‘புசு புசு’ என்று குமிழி! பக்கத்தில் பார்த்தால் கரி படிந்த கறுப்புக் கோடு ஒன்று. “இந்தக் கறுப்பே சாட்சி. உள்ளேருந்து புகை கசியுது. புகை வெளிய வர்ற வழியாத்தான் வேகம் குறையும்போது காற்று உள்ள போகுது” என்றார்.

நட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு உலோகங்களுக்கு நடுவில் ஒரு வளையம் வைப்பார்கள், கேஸ்கட் என்று. முன்பு சர்வீஸ் செய்தவர் சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, நசுங்கிப்போன பழைய கேஸ்கட்டையே திரும்ப வைத்துப் பூட்டியிருக்கிறார். நமக்குத் தெரியாத கேஸ்கட்டா! குக்கரில் கேஸ்கட் தளர்ந்துவிட்டால் ஓரத்தில் ஆவி வரும், விசில் வராது. அதற்காகக் குக்கரையே மாற்றுவோமா?

பாய் புது கேஸ்கட்டைப் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினார். ஓட்டிப் பார்த்தான் மகன். முக்கால்வாசி சத்தம் போய்விட்டது. ஆனாலும் எப்போதாவது ஒரு சின்ன ‘டப்’.

“எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது நோய்னு தெரியாது. ஒண்ணொண்ணாத்தான் பார்க்கணும்” என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி வெள்ளையாக இருந்தது. காபிப்பொடி நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவாம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். “மைலேஜ் வரணும்னு ஸ்க்ரூவை ரொம்பத் திருகி வெச்சிருக்காங்க” என்று, வண்டியைச் சூடாக்கிக்கொண்டு கார்ப்ரேட்டரில் உள்ள சின்னத் திருகியை, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கேட்டுக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினார். திரும்பி வரும்போது ஒரு வெடிச் சத்தமும் இல்லை. கார்ப்ரேட்டரை மாற்ற ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், “தப்பு என்னுதுடா. கேக்காமலே திட்டிட்டேன். இனிமே ஊரே விழிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, லைட் இல்லாம வராதே” என்றேன். “விடும்மா” என்று சிரித்துக்கொண்டே தங்கமாட்டாமல் உள்ளே போனான். அவர் மட்டும் திண்ணையிலிருந்து, “அன்னிக்கே நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கணும்” என்றார். தப்பு எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் கொஞ்சம் ஆறுதல்!

அன்று பாய் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் வண்டி ஓட்டும் பிள்ளையோ கணவரோ இருப்பார்கள் அல்லவா?

வேகம் குறைக்கும்போது எப்போதாவது லேசாக ‘டப்’ என்றால் பயப்பட வேண்டியதில்லை. பல வண்டிகளுக்கு அது இயல்பு. இதுவரை இல்லாமல் புதிதாக ஆரம்பித்தாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ பார்க்க வேண்டும். முதலில் சைலன்சர் மூட்டுகள், கேஸ்கட். அடுத்து கார்ப்ரேட்டர் இன்ஜினோடு சேரும் ரப்பர் குழாயில் வெடிப்பு. பிறகு பிளக், திருகி. செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் புகையைக் குறைப்பதற்காகவே சைலன்சர் வழியில் கொஞ்சம் காற்றை விடும் வால்வு ஒன்று இருக்கிறது. வேகம் குறையும்போது அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டாலும் வெடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அதில் கண்டபடி திருகப் போகாமல் சர்வீஸ் சென்டருக்கே போவது நல்லது.

சத்தத்துக்காகவே சைலன்சரை மாற்றும் பிள்ளைகளிடம் சட்டத்தையும் சொல்லி வையுங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று மாதம் லைசென்சும் போய்விடும். குடியிருக்கும் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பதும் 2000-ஆம் வருஷத்திலிருந்தே விதி.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் சில கவனம் வேண்டும். திடீர்ச் சத்தத்தில் குழந்தை கையை விரித்துத் தூக்கிப் போடுவது இயற்கைதான், நாலைந்து மாதத்தில் தானாகக் குறைந்துவிடும் என்று எங்கள் கிராம நர்ஸ் சொன்னபிறகு என் மகளுக்கும் பயம் போயிற்று. ஆனால் சைலன்சர் கசிவு விஷயத்தில் அலட்சியம் கூடாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டிலோ, குழந்தை தூங்கும் ஜன்னலுக்கு அடியிலோ வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைக்கவே வேண்டாம். சூடான சைலன்சரில் காலோ கையோ பட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட்டுக்கொண்டே இருங்கள். பெரிய கொப்புளமானாலும், சின்னக் குழந்தையானாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குழந்தை அழுதால் பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அழுகிறதே என்று அதை அடிப்பதில்லை. அந்தப் பொறுமையை வளர்ந்த பிள்ளையிடம் காட்ட மறந்துவிட்டேன். சத்தம் ஏன் வருகிறது என்று ஒரு நாள் அவன் பின்னால் உட்கார்ந்து போயிருந்தால், அந்த ஐந்து ராத்திரியும் இருட்டில் கழிந்திருக்காது.

இப்போது மகளும் பேரனும் புக்ககம் போய்விட்டார்கள். ராத்திரி பன்னிரண்டேகால் மணிக்கு வண்டி ‘தட தட’ என்று அடக்கமாக வந்து நிற்கும். லைட் வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சுவரில் ஓடும். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து தோசைக்கல்லைப் போடுகிறேன். சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்தால் இன்னும் ‘டப்’ என்கிறது. “அம்மா, முதல்ல உன் வண்டிய சர்வீசுக்கு விடு” என்று கேலி செய்கிறான் என் பிள்ளை. நாளைக்கு அடுப்பு ரிப்பேர்க்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்!